கடல் கொண்ட தந்தையைப் பற்றிப் பகிடி சொல்லலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. திருகோணமலையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். 2004 சுனாமியில் அப்பாவை இழந்தேன். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. இரண்டு வருடமாக, உப்புவெளியில் ஓர் உணவகத்தில் மாதம் ஒரு முறை நடக்கும் ஸ்டாண்ட் அப் கொமடி இரவில் மேடையேறுகிறேன். என் பகிடிகள் பெரும்பாலும் சுனாமியைப் பற்றியவைதான். முகாமில் இருந்தபோது நிவாரணப் பொதியில் எனக்கு வந்த, கழுத்தில் மயிர் வைத்த குளிர்ச்சட்டையைப் பற்றி ஒன்று. (அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்ற என்னைப் பார்த்துத்தான் அப்பா போன பிறகு அம்மா முதல் தடவை சிரித்தார்.) அம்மா அன்று தொடக்கம் வீட்டுக்குள் மீன் எடுப்பதில்லை. நான் சந்தைக்குப் போய்ப் பாரை மீனைக் காட்டி, "அப்பா கிலோ என்ன விலை?" என்று கேட்பதாக ஒன்று. எங்கள் சந்தியில், அலைச் சத்தம் கொஞ்சம் கூடினாலே "வருது, வருது, ஓடுங்கோ" என்று கத்தும் ஓர் ஐயாவைப் போலச் செய்து காட்டுவது இன்னொன்று. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். போன மாதம் யாரோ அதைக் கைபேசியில் பதிந்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். ஐயாவின் மகள் அழுதபடி எனக்கொரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "சிரிப்புத்தான் மருந்து, புண்பட்டால் அது அவையின்ர பிரச்சினை" என்கிறார்கள் என் நண்பர்கள். மேடையில் நிற்கும் பத்து நிமிடமும் நெஞ்சு லேசாக இருக்கிறது. ஆனால் அன்றிரவு விடியும்வரை எனக்குத் தூக்கம் வருவதில்லை. இது என்னைக் குணப்படுத்துகிறதா, கெடுக்கிறதா? நான் நிறுத்திவிட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் மேடையை விட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எழுதிய மூன்று பகிடிகளில் இரண்டை இப்போதைக்கு மேடையிலிருந்து இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, அதனால் தனித்தனியாகவே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் ஓர் உளவளத்துணையாளராக என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி இந்தப் பகிடிகளில் இல்லை. தூக்கத்தைப் பற்றிக் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அதில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மரணத்தைப் பற்றிச் சிரிப்பது நம்மிடையே புதிதாக வந்த பழக்கமில்லை. எந்தச் செத்தவீட்டிலும் இரவு பத்து மணிக்கு மேல் பந்தலின் ஓரத்தில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுகிறவர்கள், இறந்தவர் கடன் வாங்கிய கதையையும் கள்ளத்தனமாகக் குடித்த கதையையும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் அடித்துத் துரத்துவதில்லை. அவர்கள்தான் பந்தல் போட்டவர்கள், கதிரை இறக்கியவர்கள், விடிந்ததும் பாடை தூக்கப் போகிறவர்கள். இறந்தவரின் மனைவி வெளியே வந்தால் கையிலிருக்கும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பி நிற்கவும் அவர்களுக்குத் தெரியும். போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் பேருந்தால் இறங்கி, வரிசையில் நடந்து, மீண்டும் ஏறி இருந்தவுடன் பின் இருக்கையில் இருந்து யாராவது ஒரு பகிடி விடுவார். பேருந்தே சிரிக்கும், அந்தச் சிரிப்பில் எல்லோருக்கும் மூச்சு திரும்பி வரும். ஆகவே, இருண்ட நகைச்சுவை வெளிநாட்டுப் பழக்கம் என்றோ நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்றோ யாராவது உங்களிடம் சொன்னால் அதை நீங்கள் ஏற்கத் தேவையில்லை.

நாசிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பிய வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கிள், முகாம் வாழ்க்கையின்போது தம்மோடு வேலை செய்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். விடுதலைக்குப் பிறகு நடக்கக்கூடிய வேடிக்கைச் சம்பவம் ஒன்றையாவது நாள்தோறும் இருவரும் கற்பனை செய்து சொல்ல வேண்டும் என்பதே அது. முகாமில் சூப்பு ஊற்றும்போது, பானையின் அடியில் கிடக்கும் ஓரிரு பட்டாணி தமக்குக் கிடைக்காதா என்று எல்லோரும் ஏங்கி நின்றார்கள். அதனால், பின்னாளில் பெரிய இடத்து விருந்து ஒன்றிலும் இவர்கள் தம்மை மறந்து, "அடியிலிருந்து அள்ளி ஊற்றுங்கள்" என்று வீட்டு அம்மாவிடம் கெஞ்சக்கூடும் என்று கற்பனை செய்து சிரித்தார்கள். இதில் சிரிப்பின் பொருள் அவர்களுடைய சொந்தப் பசி. கேட்டவரும் அதே பசியோடுதான் நின்றார். உங்கள் பகிடிகளைத் தரம் பிரிக்க இது எனக்கு மிகவும் உதவியது.

குளிர்ச்சட்டைப் பகிடியை முதலில் எடுத்துக்கொள்வோம். அது நல்ல பகிடி. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று திருகோணமலை வெயிலில், கழுத்தில் மயிர் வைத்த கம்பளிச் சட்டைக்குள் வேர்த்து வழிந்தபடி நிற்கிறது. அதற்குத் தகப்பன் இல்லை. பதிலாக உலகம் அனுப்பி வைத்தது அந்தச் சட்டையைத்தான். இழப்பின் அளவுக்கும் வந்த ஆறுதலின் அளவுக்கும் இருந்த இடைவெளியை இதைவிடத் தெளிவாக ஒரு நீண்ட கட்டுரையாலும் சொல்ல முடியாது. அந்தப் பகிடியின் நடுவில் நிற்பவர் நீங்கள். அது குறிவைப்பதோ, பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன தேவை என்று கேளாமல் பொதி கட்டி அனுப்பிய பெரிய ஏற்பாடுகளை. அவை தாங்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் அம்மா அன்று அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அந்தப் பகிடி உங்கள் இருவருக்கும் சொந்தமானது. அதை விட்டுவிடாதீர்கள்.

மீன் பகிடி அப்படியல்ல. அது அருவருப்பானது என்பதால் அதை இறக்கச் சொல்லவில்லை. அருவருப்பை நகைச்சுவை தாங்கும்.

சிரிப்பு எப்போது பிறக்கிறது என்பது பற்றி அமெரிக்க ஆய்வாளர்களான பீற்றர் மக்ரோவும் காலெப் வாரனும் 2010இல் முன்வைத்த விளக்கம் ஒன்று உண்டு. ஏதோ ஓர் ஒழுங்கு மீறப்பட்டதாகத் தோன்ற வேண்டும், அதே கணத்தில் அந்த மீறலால் இப்போது தீங்கு ஏதும் இல்லை என்றும் தோன்ற வேண்டும், இரண்டும் ஒருங்கே நிகழும்போது நாம் சிரிக்கிறோம் என்கிறார்கள். 2012இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கிய சாண்டி சூறாவளி பற்றிய பகிடிகளை மக்ரோவும் சக ஆய்வாளர்களும் வெவ்வேறு நாட்களில் மக்களிடம் காட்டிப் பார்த்தார்கள். அழிவு நிகழ்ந்த உடன் அவை எடுபடவில்லை, சுமார் 36 நாட்களின் பின்னர் உச்ச அளவில் சிரிப்பை வரவழைத்தன, அதன் பிறகு மெல்ல மெல்லச் சுவை குன்றின. துன்பத்துக்கும் நமக்கும் இடையில் போதிய தூரம் வேண்டும் என்பதே இதன் சாரம். உப்புவெளியில் அன்றிரவு சிரித்தவர்களுக்கு அந்தத் தூரம் இருந்தது. சிலர் 2004இல் பிறந்தே இருக்க மாட்டார்கள். உங்களுக்கு மேடை அந்தத் தூரத்தைக் கொடுத்தது. உங்கள் அம்மாவுக்கு இந்த 20 வருடத்துக்கும் மேலான காலத்தில் ஓர் அடிகூடத் தூரம் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நம் ஊரில் ஒருவர் இறந்தால் உடலைக் கழுவுகிறோம், வாய்க்கரிசி போடுகிறோம், எரிக்கிறோம் அல்லது புதைக்கிறோம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்கிறோம். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று சொல்லப்படும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு, தலைமுறை தலைமுறையாகச் சனம் இதற்காகவே போய் வந்திருக்கிறது. இறந்தவர் போய்விட்டார் என்பதைக் கைகளாலும் கண்களாலும் மனத்துக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை இந்தச் சடங்குகள் செய்கின்றன. உடல் கிடைக்காத குடும்பங்களுக்கு இது வாய்ப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இவ்வகை இழப்புகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். உறுதி செய்யப்படாத மரணம் துக்கத்தையே இடைநடுவில் உறையச் செய்துவிடுகிறது என்றும், அதைக் குடும்பத்தாரின் மனப்பலவீனமாகப் பார்க்கக் கூடாது என்றும் அவர் விளக்கினார். கடலோரத்தில் காணாமல் போனோரின் உறவினர்களிடமும், போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரிடமும் நாங்கள் நாள்தோறும் காண்பது இதைத்தான்.

உங்கள் அம்மா மீன் எடுக்காமல் இருப்பதை நீங்கள் ஒரு விசித்திரமான பழக்கமாகப் பார்த்துவிட்டீர்கள். கிழக்குக் கரையில் சுனாமிக்குப் பிறகு மீனைத் தொடாமல் விட்டவர்கள் பலர். பெரும்பாலானோர் சில மாதங்களில் அல்லது ஒன்றிரண்டு வருடங்களில் மீண்டும் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் அம்மா தொடங்கவில்லை. அடக்கம் செய்ய உடல் இல்லாத ஒரு மனைவிக்குக் கணவனுக்காகத் தினமும் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். கறிச்சட்டி அடுப்பில் ஏறும் ஒவ்வொரு நாளும் அவர் அந்தக் கிரியையைச் செய்துகொண்டிருக்கிறார். நீங்கள் மேடையில் வைத்துச் சிரிக்க வைத்தது அதை. அதுவும் அவர் இல்லாத இடத்தில், அவர் அறியாமல். பிறகு அவருக்கு அது முன்பின் தெரியாதவர்களின் சிரிப்புச் சத்தத்தோடு கைபேசியில் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் பேசாமல் இருப்பதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மாவிடம் போங்கள். "உங்களுக்கு மனம் நொந்திருந்தால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்ற வகையில் நிபந்தனையோடு மன்னிப்புக் கேட்காதீர்கள். பகிடி என்ன அர்த்தத்தில் சொல்லப்பட்டது என்று விளக்கவும் வேண்டாம். "அம்மா, உங்கட மீன் கதையை நான் வெளியில கொண்டுபோய் வைச்சது பிழை" என்ற ஒரு வசனம் போதும். அதன் பிறகு அவர் ஏசினால் ஏச விடுங்கள், அழுதால் பக்கத்தில் இருங்கள். இன்னொரு நாள், அவர் சற்று ஆறியிருக்கும்போது, அப்பாவுக்கு எந்த மீன் விருப்பம், எப்படிச் சமைத்தால் சாப்பிடுவார் என்று கேட்டுப் பாருங்கள். தந்தையை எட்டு வயதில் இழந்த உங்களுக்கு அவரைப் பற்றித் தெரியாதது நிறைய இருக்கும். அதெல்லாம் அம்மாவிடம்தான் இருக்கிறது. மேடைக்கு ஒரு பகிடி கிடைக்கும் என்பதற்காகக் கேட்காதீர்கள். மகளாகக் கேளுங்கள்.

மூன்றாவது பகிடியைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. சந்தியில் "வருது, வருது" என்று கத்தும் ஐயாவை நான் பரிசோதித்தவன் அல்லன். ஆகவே அவருக்கு என்ன நோய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் பேரதிர்ச்சிக்கு உள்ளானவர்களில் சிலருக்கு, ஒரு சத்தமோ மணமோ அந்த நாளை நினைவாக அல்லாமல் இப்போதே நடப்பதாக மீட்டுக் கொண்டுவந்துவிடும் என்பது மருத்துவம் நன்கு அறிந்த அறிகுறி. அந்தக் கணத்தில் அவர்களுக்கு அலை உண்மையிலேயே வந்துகொண்டிருக்கிறது. அவர் ஓடுங்கோ என்று கத்துவது மற்றவர்களைக் காப்பாற்ற. அந்த மனிதரின் குரலையும் கைகளையும் போலச் செய்து காட்டியபோது, சிரிப்புக்குப் பொருளானது ஒருவருடைய நோய். அவர் மேடையேறி மறுமொழி சொல்ல முடியாதவர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நான்கு வழிகளில் எள்ளலை முதலில் வைக்கிறது. மனிதர் மற்றவரை இகழ்ந்து சிரிப்பதில் சுகம் காண்பது அவ்வளவு பழைய சங்கதி. அது எளிதில் கைகூடும் என்பதாலேயே மேடைக் கலைஞர் அதில் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும்.

நண்பர்கள் சொல்வது போல இது புண்பட்டவரின் பிரச்சினை மட்டுமா? ஒரு பிரிவினரை இழிவுபடுத்தும் பகிடி கேட்பவரிடம் என்ன செய்கிறது என்று தோமஸ் ஃபோர்ட் என்ற உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். அத்தகைய பகிடி நல்லெண்ணம் உள்ளவரை ஒரே இரவில் கெட்டவராக்குவதில்லை. ஆனால் ஏற்கனவே மனதில் வெறுப்பு உள்ளவருக்கு, இங்கே அதை வெளிக்காட்டலாம் என்ற அனுமதியைக் கொடுத்துவிடுகிறது. உங்கள் சபையில் இருந்த ஒருவர், மறுநாள் காலையில் அதே சந்தியால் போகும்போது அந்த ஐயாவைப் பார்த்து "வருது, வருது" என்று கத்திவிட்டுப் போகக்கூடும். மகளின் அழுகையில் அந்தப் பயம் இருந்திருக்கும். மனநோய்க்கு மருந்து எடுக்கப் போவதையே அயலவர் கண்ணில் படாமல் செய்ய வேண்டியிருக்கும் ஊரில், இது சிறிய விடயம் அல்ல.

அந்த மகளுக்கு நீங்களும் குரலிலேயே மறுமொழி அனுப்புங்கள். சுருக்கமாக, நியாயம் கற்பிக்காமல். காணொளியைப் பதிந்தவரைத் தேடிப் பிடித்து நீக்கச் சொல்லுங்கள். பகிர்ந்த குழுக்களிலும் உங்கள் பெயரிலேயே கேளுங்கள். முழுவதையும் அழிக்க முடியாமல் போகலாம், ஆனாலும் நீங்கள் முயன்றீர்கள் என்பது அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டும். ஐயாவுக்குச் சிகிச்சை கிடைக்கிறதா என்று அந்த மகளிடம் இப்போது கேட்காதீர்கள். பின்னர் அவராகக் கதைத்தால், இத்தனை வருடம் கழித்தும் இதற்குச் சிகிச்சை உண்டு என்பதை மட்டும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, இனி யாரையும் புண்படுத்தாத பகிடிதான் சொல்ல வேண்டும் போல என்று நினைத்துவிடாதீர்கள். நிவாரணப் பட்டியலில் கள்ளமாகப் பெயர் போட்டவரும், நினைவு நாளில் மட்டும் வெள்ளைச் சட்டையோடு வந்து படம் எடுப்பவரும் புண்பட்டால் படட்டும். அதிகாரமும் ஒலிவாங்கியும் உள்ளவர்களைப் பற்றிய பகிடி அவர்களுக்கு உறைக்காவிட்டால் அது பகிடியே அல்ல.

இனித் தூக்கம். நிகழ்ச்சி முடிந்த இரவில் தூக்கம் பிந்துவது எல்லாக் கலைஞர்களுக்கும் உள்ளதுதான். நெஞ்சு படபடத்து, உடம்பு சூடேறி இருக்கும்போது மூளை உடனே அடங்காது. எந்த வரி எடுபட்டது, எங்கே தடுமாறினேன் என்ற யோசனைதான் உங்களை விழித்திருக்க வைக்கிறதென்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். ஆனால் கண்ணை மூடியதும் தண்ணீர் வருகிறதா? அப்பாவின் கை, சத்தம், ஓடிய பாதை என்று காட்சிகள் வருகின்றனவா? டிசம்பர் நெருங்கும்போது கூடுகிறதா? அப்படியென்றால், மேடையில் நீங்கள் பாதியில் நிறுத்திய கதை இரவில் தன் மீதியைச் சொல்ல வருகிறது என்றே நான் கொள்வேன்.

இதை மிகத் துணிவோடு மேடையிலேயே வெளிப்படுத்தியவர், ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவைச் சேர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா காட்ஸ்பி. 2018இல் உலகம் முழுவதும் பார்க்கப்பட்ட தமது நிகழ்ச்சியின் முற்பகுதியில், பேருந்துத் தரிப்பிடத்தில் ஒருவன் தம்மை அடிக்க வந்து, பிறகு பெண் என்று கண்டு விலகிப் போனதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தார். பிற்பகுதியில் அதே சம்பவத்துக்குத் திரும்பி வந்து, உண்மையில் அவன் திரும்பி வந்து தம்மை அடித்துக் காயப்படுத்தினான், அதைச் சொன்னால் பகிடி நிற்காது என்பதால் இதுவரை வெட்டிவிட்டேன் என்றார். ஒரு கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு வேண்டும், பகிடிக்கோ தொடக்கமும் நடுவும் போதும் என்பது அவர் வாதம். சிரிப்பு வந்ததும் பகிடி முடிந்துவிடும். காயம் அங்கேயே, அதே நிலையில், உறைந்து கிடக்கும். திரும்பத் திரும்ப அதையே சொல்லும்போது, உண்மையில் நடந்ததை விடப் பகிடியே நினைவில் தடித்துப்போகும்.

அதனால் எழுதுங்கள். மேடைக்காக அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் தம் வாழ்வின் பெருந்துன்பத்தைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் உடனே கலங்கினாலும், அடுத்து வந்த மாதங்களில் சுகவீனமாகி மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. நடந்ததை மட்டும் எழுதியவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. உங்கள் பகிடிகளில் நடந்தது இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை அன்று என்ன உணர்ந்தாள் என்பது அவற்றில் எங்கும் இல்லை. பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது எழுதுங்கள். எழுதும்போது தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிடுங்கள். அந்தப் பகுதிக்குத் துணை தேவை என்று அர்த்தம்.

அந்தத் துணை நம் ஊரிலேயே இருக்கிறது. திருகோணமலை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்குப் பொறுப்பானவரைச் சந்திக்கலாம். நள்ளிரவில் தாங்க முடியாமல் இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் கதைக்கக் கேளுங்கள். பேரதிர்ச்சியின் நினைவுகளைப் படிப்படியாக அணுகி அவற்றின் கூர்மையை மழுங்கச் செய்யும் சிகிச்சை முறைகள் இன்று நன்கு நிறுவப்பட்டவை. மேடை அவற்றுக்கு மாற்று ஆகாது, பக்கத்தில் நிற்கலாம். கனடாவின் வன்கூவரில் டேவிட் கிரானிரர் என்ற உளவளத்துணையாளர், மனநோயோடு வாழ்பவர்களுக்கு ஸ்டாண்ட் அப் கொமடி கற்பிக்கும் திட்டத்தை 2004இல் தொடங்கினார். அவரும் மனச்சோர்வோடு வாழ்ந்தவர். அங்கே ஒருவர் தனியே எழுதித் தனியே மேடையேறுவதில்லை. வகுப்பில், தம்மைப் போன்ற மற்றவர்களின் முன்னால் சொல்லிப் பார்த்துத்தான் மேடைக்குப் போகிறார். உங்களிடம் இல்லாமல் போனது அந்த வகுப்புத்தான்.

ஆகவே இந்த மாத நிகழ்ச்சிக்குப் போவதற்கு முன்னர், உங்கள் பகிடிகளை இருவரிடம் சொல்லிப் பாருங்கள். ஒருவராவது அந்தக் கடலை நேரில் கண்டவராக இருக்கட்டும். பதிவு செய்ய வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சபையோரிடம் அறிவிக்கும்படி உணவகக்காரரைக் கேளுங்கள். உங்களையே இழிவுபடுத்தும் வரிகள் இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். கனடாவின் ரொட் மார்ட்டினும் சக ஆய்வாளர்களும் 2003இல் நகைச்சுவைப் பாணிகளை நான்காக வகுத்தபோது, மற்றவரை மகிழ்விக்கத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பாணி மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து வருவதைக் கண்டார்கள். அன்றிரவு தனியே வீட்டுக்குப் போகாமல், யாரோடாவது தேநீர் குடித்துவிட்டுப் போங்கள். டிசம்பர் 26ஐ ஒட்டிய வாரத்தில் மேடை வேண்டாம்.

குளிர்ச்சட்டையோடு தொடங்குங்கள். ஆனால் அதற்கு முதல் அம்மாவிடம் போய்விட்டு வாருங்கள். அவர் இன்னும் பேசாமல் இருந்தால் இந்த மாத நிகழ்ச்சியைத் தவற விடுங்கள். அடுத்த மாதமும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது.